கோடை வேலை தேடுவோருக்கு உச்சிப்புளிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் சாலையில், உச்சிப்புளியை ஒட்டி, ஒரு கணினியும் ஒரு நகலெடுக்கும் இயந்திரமும் மட்டுமே கொண்ட சிறிய ஜெராக்ஸ் கடை ஒன்று இருக்கிறது. ஒரு பெண்மணி அதைத் தனியாக நடத்திவருகிறார். தம் பெயரையும் கடையின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இரண்டையும் இங்கே எழுதவில்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் "வேலை எழுதிப் போடுற அக்கா கடை" என்று கேட்டால் வழி காட்டுவார்கள். நான் இந்தக் கடற்கரையில் உள்ள அரசுப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். ஆண்டுதோறும் தேர்வு முடிந்ததும் என் மாணவர்களில் பலர் கோடை வேலை தேடி இந்தக் கடைக்குத்தான் போகிறார்கள். அவர்களில் சிலரோடு நானும் போயிருக்கிறேன். அங்கே கிடைக்கும் சேவையைப் பற்றி, வேறு ஊர்களில் இதே தொழிலைச் செய்பவர்களும் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, விரிவாக எழுத விரும்புகிறேன்.

இந்தக் கரையில் கோடை வேலைக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்பது உள்நாட்டில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. பிளஸ் டூ தேர்வு மார்ச் மாதத்தில் முடிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாட்களாக இருந்த இந்த மீன்பிடித் தடைக்காலம் 2017ஆம் ஆண்டில் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக விடப்படும் இடைவெளி அது, தேவையான ஏற்பாடுதான். ஆனால் விசைப்படகில் பங்குக்குப் போகும் தகப்பனுக்கு அந்த இரண்டு மாதமும் வருமானம் நின்றுவிடுகிறது. அரசு தரும் தடைக்கால நிவாரணத் தொகையை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு, 2023 ஆகஸ்டில் இதே மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வெளியானது. அந்தத் தொகை அரிசிக்கும் மளிகைக்கும் போக, கல்லூரிச் சேர்க்கைக் கட்டணத்துக்கு எஞ்சுவதில்லை. தேர்வு முடிவு மே மாத முற்பாதியில் வருகிறது. அதையொட்டியே விண்ணப்பம், கலந்தாய்வு, சேர்க்கை என்று செலவுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஆக, வீட்டுக்குள் பணம் வராத அதே 61 நாட்களில்தான் பிள்ளையின் படிப்புக்குப் பணம் புரட்ட வேண்டியிருக்கிறது. தகப்பனும் மகனும் ஒரே வாரத்தில் வேலை தேடிப் புறப்படும் காட்சி இங்கே வழக்கமானது.

தகப்பன்மாருக்கு ஓரளவு பழகிய வழிகள் உண்டு. மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூனில்தான் தொடங்குகிறது என்பதால், சிலர் மே மாதம் வரை கேரளப் படகுகளுக்குக் கூலிக்குப் போகிறார்கள். சிலர் கரையேற்றிய படகுகளில் பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, வலை பின்னுவது என்று உள்ளூரிலேயே இருந்துவிடுகிறார்கள். பிள்ளைகளின் நிலை அப்படி இல்லை. அவர்களுக்கு வேலையும் தெரியாது, வேலை கொடுப்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரியாது. யாரோ சொன்னார்கள் என்று திருப்பூருக்கோ சென்னைக்கோ பேருந்து ஏறிவிட்டு, பேசிய சம்பளம் ஒன்றும் கைக்கு வந்தது வேறொன்றுமாகத் திரும்பி வருகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

இந்த இடத்தில்தான் அந்தக் கடையின் சேவை மதிப்புப் பெறுகிறது. கடையின் உள்சுவரில் ஒரு நீண்ட அட்டை தொங்குகிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஜூன் வரை, அந்த அட்டையில் கையால் எழுதிய தாள்கள் குத்தப்பட்டிருக்கும். சாதாரணமாக இப்படிப்பட்ட அறிவிப்புகளில் "ஆட்கள் தேவை, கைநிறையச் சம்பளம்" என்று ஒரு வரியும் ஒரு கைபேசி எண்ணும்தான் இருக்கும். இங்கே ஒவ்வொரு தாளிலும் இடம், வேலை, நேரம், சம்பளம், சம்பளம் தரும் தேதி, சாப்பாடு, தங்குமிடம், எந்தத் தேதி வரை வேலை என்று தனித்தனியாக எழுதியிருக்கிறது. நான் கடைசியாகப் பார்த்த தாள்களில் ஒன்று இப்படி இருந்தது: இராமேசுவரம், தங்கும் விடுதி, வரவேற்பு மேசைக்கு உதவியாள், காலை 6 முதல் மதியம் 2 வரை, மாதம் 10,000 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி, காலைச் சாப்பாடு உண்டு, தங்க இடம் இல்லை, ஜூன் 10 வரை, கொஞ்சம் இந்தி பேசத் தெரிந்தால் நல்லது. கீழே சிவப்பு மையில், "முதல் பஸ் நேரம் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி.

அந்தச் சிவப்பு வரியை எழுதியவருக்கு இந்தக் கரையின் வாழ்க்கை நன்றாகத் தெரிந்திருக்கிறது. காலை 6 மணிக்கு இராமேசுவரத்தில் இருக்க வேண்டுமானால், பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இருக்கும் பையனுக்கு அது இயலும். சேதுக்கரைப் பக்கத்துப் பையனுக்கு இயலாது. மாணவன் ஒருவன் சம்பளத்தை மட்டும் பார்த்து ஆசைப்பட்டபோது அவர் சொன்னது என் நினைவில் இருக்கிறது: "தம்பி, சம்பளத்தைக் கேக்குறதுக்கு முன்னாடி போக வர பஸ் இருக்கான்னு கேளு. ஆட்டோவுக்குக் கொடுத்துட்டு வந்தா அம்மா கையில என்ன கொடுப்ப?"

அறிவிப்பை எழுதுவதற்கு முன்னால் அவர் வேலை கொடுப்பவரைக் கைபேசியில் அழைத்துப் பேசுகிறார். வேலைக்குப் போக விரும்பும் பிள்ளை எதிரில் இருந்தால் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுத்தான் பேசுவார். அவர் கேட்கும் கேள்விகள் சிலவே. எத்தனை மணி நேரம், விடுமுறை நாள் எது, சம்பளம் எந்தத் தேதியில், இடையில் நின்றால் வேலை செய்த நாட்களுக்குக் கணக்குப் பார்த்துத் தருவீர்களா, சான்றிதழ் என்ன கேட்பீர்கள். கடைசி இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் அந்த வேலை அட்டையில் ஏறுவதில்லை. நிரந்தர வேலைக்கு ஆள் தேடுபவர் ஒருவரிடம், "இந்தப் பையன் ஜூனில் காலேஜுக்குப் போய்விடுவான், அது உங்களுக்குச் சரிப்படுமா" என்று அவர் நேராகவே கேட்டதையும் நான் பார்த்தேன். மறுமுனையில் இருந்தவர் சரிப்படாது என்று சொல்லிவிட்டார். பையனுக்கு முகம் வாடியது உண்மைதான். ஆனால் பொய் சொல்லிச் சேர்ந்துவிட்டு, கல்லூரி திறக்கும்போது கடைசி மாதச் சம்பளத்தைக் கைவிட்டு ஓடிவருவதைக் காட்டிலும் அந்த ஒரு மறுப்பு அவனுக்கு எவ்வளவோ நல்லது.

அசல் சான்றிதழ் விஷயத்தில் அவர் காட்டும் கண்டிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியூரில் ஆள் சேர்ப்பவர்கள் பலர், பிள்ளைகள் பாதியில் போய்விடக் கூடாது என்பதற்காக டிசியையும் மதிப்பெண் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதே சான்றிதழ்கள்தான் கல்லூரிச் சேர்க்கைக்கும் வேண்டும். சான்றிதழ் மாட்டிக்கொண்டதால் சேர்க்கை நாளைத் தவறவிட்ட மாணவி ஒருத்தியை எனக்குத் தெரியும். அந்த நிறுவனம் எது என்பதை இங்கே எழுத நான் விரும்பவில்லை, ஆனால் அந்தக் குடும்பம் பட்ட பாட்டை மறக்க முடியாது. இந்தக் கடையில் வேலைக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நகல்கள் மட்டுமே எடுத்துக் கொடுக்கப்படுகின்றன. அசலை வீட்டில் வைத்துவிட்டுப் போகும்படி சொல்லி அனுப்புகிறார். ஒவ்வொரு நகலின் மேலும் எந்த வேலைக்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் தேதியையும் குறுக்காக எழுதச் சொல்கிறார். ஆதார் நகலை வேறு எதற்கும் பயன்படுத்திவிடாமல் தடுக்க இது உதவும்.

கணினியில் செய்யும் பதிவுகளிலும் இதே நேர்மை இருக்கிறது. அரசின் வேலைவாய்ப்புப் பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; 2020இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையத்திலும் பெயரைப் பதிந்துகொள்ளலாம், அதற்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. பல ஊர்களில் பிரவுசிங் சென்டர் நடத்துபவர்கள் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தங்கள் சொந்தக் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்தே பதிவை முடித்துவிடுகிறார்கள். பிறகு நேர்காணலுக்கான தகவல் வந்தாலும் அது பிள்ளையின் கைக்கு வருவதில்லை. கடவுச்சொல்லை மாற்ற ஓடிபி வேண்டுமென்றாலும் மறுபடி அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும். இந்தக் கடையில், கைபேசி வைத்திருக்காத பிள்ளையாக இருந்தால் தாயின் எண்ணையோ தகப்பனின் எண்ணையோ கொண்டுவரச் சொல்வாரே தவிர, தம் எண்ணைப் போடுவதில்லை. பதிவு முடிந்ததும் பதிவு எண்ணையும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பிள்ளையின் கையாலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுத வைக்கிறார். எழுதியதைத் தாம் ஒருமுறை வாசித்துப் பார்த்து, பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்று வட்டமிட்டுக் காட்டுகிறார். பிறகு கணினியில் ஏற்றிய சான்றிதழ் படங்களை அந்தப் பிள்ளையின் கண்முன்னே அழிக்கிறார். ஒரு ஜெராக்ஸ் கடையில் இவ்வளவு பொறுப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, தட்டச்சு, நகல், பதிவு ஆகியவற்றுக்கு மட்டுமே அவர் பணம் வாங்குகிறார். விலைப்பட்டியல் மேசையின் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பயோடேட்டா தயாரித்துத் தர 50 ரூபாய். வேலை கிடைத்ததற்கு என்று பிள்ளையிடம் எதுவும் வாங்குவதில்லை, முதல் மாதச் சம்பளத்தில் பங்கும் கேட்பதில்லை. பக்கத்து நகரம் ஒன்றில் ஒருவர் "பதிவுக் கட்டணம்" என்ற பெயரில் என் மாணவர்கள் சிலரிடம் பணம் வாங்கிக்கொண்டு, சென்னையில் பொட்டலம் கட்டும் வேலை என்று சொல்லி, பிறகு கைபேசியையே அணைத்துவிட்டார். தடைக்காலத்தில் ஒரு மீனவக் குடும்பத்தின் கையிலிருந்து அப்படிப் போகும் ஆயிரம் ரூபாய் என்பது சிறிய தொகை அல்ல. வேலை தருவதற்கு முன்பே வேலை தேடுபவரிடம் பணம் கேட்பவர் எவராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள் என்று நான் வகுப்பில் சொல்வதை, இந்தக் கடைக்காரர் தொழிலிலேயே கடைப்பிடிக்கிறார்.

வளைகுடா வேலைகளை அவர் அட்டையில் போடுவதே இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி என்று இந்தக் கரை முழுவதும் வீட்டுக்கு ஒருவராவது அரபு நாட்டில் இருக்கும் பகுதி இது என்பதால், கோடையில் அவரிடம் அதைக் கேட்டு வருபவர்கள் அதிகம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புபவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பதையும், அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் என்ற வரம்பு இருப்பதையும் சொல்லி, முகவரின் பதிவை ஒன்றிய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிக் காட்டுகிறார். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைக்கென ஒரு நிறுவனம் நடத்திவருகிறது என்பதையும் பலர் அவரிடமிருந்துதான் முதன்முதலில் அறிகிறார்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவரை நம்ப வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். நானும் அப்படித்தான்.

வயது பற்றியும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 2016இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி 14 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களை வெடிமருந்து சார்ந்தவை போன்ற ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. எட்டாம் வகுப்புப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தாயிடம் அவர் கடிந்துகொள்ளாமல் பேசி, அந்த அம்மாவின் பெயரையே மிளகாய்க் காம்பு கிள்ளும் வேலைக்குக் குறித்துக்கொண்டார். குண்டு மிளகாய் அறுவடை முடிந்து வற்றல் களத்தில் காயும் பருவம் அது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாய் இந்த மாவட்டத்துக்குப் பெருமைதான். அதற்குப் பின்னால் கோடை வெயிலில் உட்கார்ந்து காம்பு கிள்ளும் பெண்களின் கைகள் எரிகின்றன என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவதும் பெரியதும், மாணவிகளுக்கான வேலை அந்த அட்டையில் மிகவும் குறைவு. விடுதி, உணவகம், தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றும் வேன், சங்குப் பொருள் கடை என்று இராமேசுவரத்தில் கோடை விடுமுறைக் கூட்டத்தை நம்பி வரும் வேலைகள் எல்லாம் பையன்களையே கேட்கின்றன. பெண் பிள்ளைகளுக்கு எஞ்சுவது பெரும்பாலும் இராமநாதபுரம் ஜவுளிக் கடைகள்தான். அங்கே நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்த நிலையை மாற்ற, கடைப் பணியாளர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தப்பட்டது. அப்படியிருக்க, அட்டையில் உள்ள தாள்களில் "உட்கார இடம் உண்டா" என்ற கேள்வியும் ஒரு வரியாக இருக்க வேண்டும். கழிப்பறை பற்றியும் ஒரு வரி வேண்டும். நான் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, அடுத்த முறை கேட்கிறேன் என்றார். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், நகரப் பேருந்து ஓடும் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு இராமநாதபுரத்து வேலை கட்டுப்படியாகும். கடை அடைக்கும் நேரத்துக்கும் கடைசிப் பேருந்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதையும் அவர் எழுதிவைத்தால் தாய்மார்கள் நம்பி அனுப்புவார்கள்.

இரண்டாவது குறை, வேலைக்கு அனுப்பிய பிறகு என்ன ஆனது என்ற விசாரிப்பு இல்லை. பேசியபடி சம்பளம் கொடுத்தாரா என்பதை ஒரு மாதம் கழித்துக் கேட்டு, கொடுக்காதவரின் தாளை அடுத்த ஆண்டு ஏற்றாமல் விட்டால் இந்த அட்டையின் மதிப்பு இன்னும் உயரும். தனியாளாகக் கடை நடத்துபவரிடம் அதை எதிர்பார்ப்பது அதிகம் என்பது தெரியும்; திரும்பி வரும் பிள்ளைகளே வந்து சொல்ல ஒரு நோட்டு போட்டால் போதும். மின்தடை வந்தால் வேலை நின்றுவிடுகிறது, தேர்வு முடிவு வந்த வாரத்தில் இணையம் மெதுவாகி வரிசை வாசலைத் தாண்டிவிடுகிறது என்பவை சிறிய குறைகள்.

பட்டப் படிப்பு முடித்து நிலையான வேலை தேடுபவர்களுக்கு இந்தக் கடை முதன்மையான இடம் அல்ல. அவர்கள் இராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தின் முகாம்களுக்குப் போக வேண்டும். தனியார் நிறுவனங்கள் நேரில் வந்து ஆள் எடுக்கின்றன, கட்டணம் எதுவும் கிடையாது. கடைக்காரரே அப்படிப்பட்டவர்களை அங்கே அனுப்பிவைக்கிறார், முகாம் தேதியையும் அட்டையின் மூலையில் எழுதிப் போடுகிறார். பதிவு செய்து ஐந்தாண்டுகளாக வேலை கிடைக்காமல் காத்திருப்போருக்கு அரசு தரும் உதவித்தொகை, பட்டதாரிகளுக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 400 ரூபாய் என்பதையும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகக் கூடாது என்பதையும் கேட்பவர்களுக்கு விளக்குகிறார். விண்ணப்பத்தை நிரப்பியும் தருகிறார்.

போக நினைப்பவர்கள் ஏப்ரல் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். தடைக்காலம் தொடங்கிவிட்டால் பெரியவர்களும் அதே வேலைகளுக்கு வந்துவிடுகிறார்கள், நல்ல தாள்கள் சீக்கிரம் எடுபட்டுவிடும். மதியம் கடை அடைத்திருக்கும், மாலை 4 மணிக்கு மேல் திறப்பார். ஆதார் அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், இரண்டு புகைப்படம், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். ஓடிபி வரும் கைபேசியைச் சார்ஜ் ஏற்றி எடுத்துக்கொண்டு, அந்த எண்ணுக்கு உரியவரையும் முடிந்தால் கூட்டிப்போங்கள். வங்கிக் கணக்கு இல்லாத பிள்ளைகள் முதலில் அதைத் திறந்துவிட்டுப் போவது நல்லது, ஏனென்றால் சம்பளம் கணக்கில் வந்தால் வேலை செய்ததற்கும் பணம் பெற்றதற்கும் அதுவே சான்றாக இருக்கும்.